உம்மா வழிப் பிரசை

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிந்தவூர் றம்லாவின் வாப்பா, இந்தியாவின் காயல்பட்டினத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர். இங்கே சபியா உம்மாவைக் கலியாணம் முடித்தார். மகள் நடக்கப் பழகுமுன்பே மௌத்தாகி மையவாடிக்குப் போய்விட்டார். றம்லாவுக்கு இந்தியா என்பது பள்ளிக்கூடப் படத்தில் பார்த்த நாடு மட்டும்தான்.

1979இல் அவள் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது பயிற்சிக்குத் தெரிவானாள். புறப்படப் பெட்டி கட்டியிருந்தபோது மறுப்பு வந்தது. வாப்பா இலங்கைப் பிரசை இல்லை; ஆகவே அவளும் இல்லை.

உம்மாவும் மகளும் கல்முனைக்குப் போய்ச் சட்டத்தரணி புண்ணியமூர்த்தியைக் கண்டார்கள்.

“நான் பொறந்தது இஞ்சதானே, சேர்?” என்றாள் றம்லா.

“அது மட்டும் காணாது தங்கச்சி. நம்மட சட்டம் பொறந்த மண்ணைப் பார்க்காது. தகப்பன் ஆரெண்டுதான் பார்க்கும்.”

“எங்கட ஊரில என்ன குடியெண்டு கேட்டா உம்மாட குடியைத்தானே சொல்லுற.”

புண்ணியமூர்த்தி சிரித்தார். காரைதீவுத் தமிழரான அவருக்கும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழிதான். “ஓம், நாங்களும் அப்பிடித்தான். சட்டம் எழுதினவங்க இந்தப் பக்கத்து ஆக்கள் இல்லையே.”

ஒரு வழி இருக்கிறது என்றார். தாய் இலங்கைப் பிரசையாக இருந்தால், நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்த பிள்ளை பதிவு கேட்கலாம். கொடுப்பதும் விடுவதும் அமைச்சின் விருப்பம்.

றம்லாவுக்கு அது சுட்டது. “சொந்த ஊரில இருக்கிறதுக்கு நான் மனுப் போடவா?”

“போடுங்க. கோவத்தையும் வச்சிருங்க. சட்டத்தை மாத்தச் சொல்லிக் கேக்கவும் ஒரு வோட்டு வேணும்.”

அம்பாறைக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், விசாரணை நடந்தது. இருக்கும் வீடு யாருடையது என்று அதிகாரி சபியா உம்மாவிடம் கேட்டார்.

“என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. அவவுக்கு அவட உம்மா குடுத்த. இனி இவவுக்கு. மாப்பிளமார்தான் எங்கட வீட்டுக்கு வருவாங்க. நாங்க ஒரு இடமும் போறல்ல.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அதை அப்படியே எழுதினார்.

பதில் வரும்வரை றம்லா வீட்டில் நெல் அவித்து அரிசி விற்றாள். பலமுறை நம்பிக்கை விட்டுப்போனது. 1982இல் பிரசாவுரிமை கிடைத்தது. மறுபடி விண்ணப்பித்து, பயிற்சி முடித்து, சாகாமம் என்ற வயற்கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குளக்கட்டால் சைக்கிளில் போகும் அவளை வயலில் நிற்கும் பெண்கள் மறித்து வயிற்று நோவு, பால் சுரப்பு எல்லாம் கேட்பார்கள்.

அடுத்த தேர்தலில் தாயும் மகளும் ஒன்றாக வாக்களிக்கப் போனார்கள். யாருக்குப் போடுவது என்று வழிநெடுக வாக்குவாதம். உம்மா சொன்ன ஆளுக்கு றம்லா போடவில்லை.