ஆண்டிக்கரட்டில் பூக் கேட்ட ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து கம்பெனி ஜீப்பில் கிளம்பினோம். மேனேஜரும் நாங்கள் ஐந்து பேரும். எங்கள் ஐவருக்கும் ஒரே போர்வெல் ரிக்கில் வேலை. ரிக் வண்டி இரண்டு வருட ஒப்பந்தத்துக்குத் தான்சானியாவுக்குக் கப்பலேறிவிட்டது. பின்னாலேயே போக வேண்டிய ஆட்களில் டிரில்லர் இடம் ஒன்றுதான். பதினெட்டு வருடம் துளை போட்ட பழனிசாமி அண்ணனுக்கா, அவருக்குக் கீழே கம்ப்ரசர் ஓட்டும் எனக்கா என்று மேனேஜர் திடீரென்று ஒரு கேள்வியைக் கிளப்பியிருந்தார். யாருக்குத் தர வேண்டும் என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை.

போன தடவை வெளிநாட்டில் இருந்தபோது, "எங்க பாஸ்போர்ட்ட நீங்க ஏனுங்க பூட்டி வெக்கிறீங்க?" என்று கேட்ட ஒரே ஆள் பழனிசாமி அண்ணன். மேனேஜர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டார்.

இப்போது அவர் சொன்னது இது: "நான் சொன்னா பொல்லாப்பு வருமுங்க. பழனிசாமி கும்புடற சாமிகிட்டயே பூக் கேட்டுப் போடலாம்."

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதற்கும், கிணறு வெட்டுவதற்கும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

ஆறே முக்காலுக்கு வெண்ணந்தூரில் டீ, பதினைந்து ரூபாய். மேனேஜர் தனியாகப் போய் இருபது ரூபாய்க்குப் பூ வாங்கி, அங்கேயே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் ஆண்டிக்கரட்டு அடிவாரம்.

கரடு, சின்னக் குன்று என்று பேர்தான்; ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். முந்நூறு படிகளுக்கு மேல் வெறும் பாறை. அதற்கப்புறம் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. "பையக் குடுங்க" என்று பழனிசாமி அண்ணன் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். செருப்பில்லாத கால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாய். தனக்கு வைத்த வேட்டைத் தானே சுமந்துகொண்டு ஏறினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பது இருபதுக்கு உச்சி. தகரக் கொட்டகைக்குள் கோவணாண்டியாக முருகன். கிருத்திகை தவிர வேறு நாளில் பூசாரி வருவதில்லை. பழனிசாமி அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கீழே கைகாட்டினார்.

"அதா பாரு தங்கராசு, லிண்டலோட நிக்குதே, அதான் நம்மூடு. இந்த ரெண்டு வருசத்துல கான்கிரீட் போட்டுரோணும்."

மேனேஜர் இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்தார். பழனிசாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

அவர் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செரி. சாமிக்குத் தெரியாததா" என்றார்.

பாதி தூரம் இறங்கியதும் என் துண்டு மேலேயே கிடப்பது ஞாபகம் வந்து திரும்பி ஏறினேன். இன்னொரு பொட்டலம் வைத்தபடியே இருந்தது. சும்மா பிரித்துப் பார்த்தேன். அதுவும் சிவப்பு.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் சொல்லியிருக்கலாம். பழனிசாமி அண்ணன் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், கூரையில்லாத அறையில் உட்கார வைத்துச் சோறு போட்டபோது சொல்லியிருக்கலாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேனேஜர் இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை போதும். ஆனால் டிரில்லர் இடம் இப்போது என்னுடையது. கையைக் கழுவிவிட்டு ஜீப்பில் ஏறினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"அங்க தண்ணியக் காய வெச்சே குடி சாமி" என்றார் பழனிசாமி அண்ணன், ஜீப்புக் கதவைச் சாத்திக்கொண்டே.

இதைத் தான்சானியாவில் ரிக் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் சமவெளி. ஏற ஒரு கரடு கிடையாது. கிருத்திகை தவறாமல் அண்ணனிடமிருந்து போன் வருகிறது. "மேல போயி உங்க எல்லாருக்கும் வெளக்குப் போட்டுட்டு வந்தேன்" என்கிறார். வீடு இன்னும் லிண்டலோடுதான் நிற்கிறதாம்.

வந்து இறங்கிய அன்றே மேனேஜர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏன் என்று கேட்கிற ஆளை நாங்கள் ஆண்டிக்கரட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.