கரிசல் காட்டில் நின்ற பைக்

போன ஐப்பசியில் ஒரு மதியம். இத்தனை படித்தும் ஒருவனைக்கூடத் தடுக்க முடியவில்லையே என்று உடைந்துபோனேன். அன்று ஆண்டவர் செய்ததைச் சபையில் சொல்ல எழுந்தபோது அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. சிறு வயதிலேயே வழக்கில் சிக்கியவர்கள் ஏன் மறுபடியும் குற்றத்துக்குள் போகிறார்கள் என்பதுதான் குற்றவியலில் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக என்னிடம் பேசியவர்களில் ஒருவன் முத்து. பெயரை மாற்றியிருக்கிறேன். கழுகுமலைப் பக்கத்துக் கிராமம். சிறுவனாக இருந்தபோதே அடிதடி வழக்கில் சிக்கி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது இருபது வயது. அவன் கண்ணெதிரே அவன் அண்ணனை ஒருவன் வெட்டிக் கொன்றிருந்தான்.

அன்று நான் கழுகுமலையில் இருந்தேன். முத்துவின் அம்மா போனில் கதறினார்.

"எம்மா, ஓடியாம்மா! மூத்தவனை வெட்டுனவன் ஜாமீன்ல வந்துட்டானாம். இவன் அருவாளைத் தீட்டுதான்!"

உயிருக்கு ஆபத்து என்றால் போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்று, ஆய்வுக்காகப் பேசத் தொடங்கிய நாளிலேயே முத்துவிடம் சொல்லியிருந்தேன். அதன்படியே போலீசுக்குப் போன் செய்தேன். ஆட்டோவில் அவன் வீட்டுக்குப் போய் இறங்கினால், போலீஸ் இன்னும் வரவில்லை. முத்து பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். யோசிக்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குங்கக்கா. ஒங்களுக்கு இதுல சோலி கிடையாது."

"எறங்க மாட்டேன். போறதுன்னா என்னையும் வச்சிக்கிட்டுப் போ."

என்னையும் வைத்துக்கொண்டே கிளம்பிவிட்டான். தார்ச்சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் திருப்பினான். எங்கள் இருவருக்கும் நடுவே சாக்கில் சுற்றிய அரிவாள். வழியெல்லாம் கெஞ்சினேன். அவன் காதில் ஏறவில்லை. கடைசியில் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, என்னால் முடியவில்லை. நீர் இவனை நிறுத்தும்."

விதைத்துவிட்டு ஊரே மழைக்குக் காத்திருந்த நேரம். முதலில் பெரிய பெரிய துளி. பிறகு கொட்டியது. கரிசல் மண் குழைந்து சக்கரத்தில் அப்பியது. மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டது. பைக் நின்றுவிட்டது. முத்து கையாலேயே மண்ணை வழித்தான். தள்ளினான். மறுபடியும் அடைத்தது. பைக்கைக் கீழே தள்ளிவிட்டு, அரிவாளை உருவிக்கொண்டு நடந்தான். ஓடி முன்னால் போய் நின்றேன்.

"ஏலே முத்து, ஒங்க அம்மைக்கு நீ ஒருத்தன்தாம்லே மிச்சம்!"

அவன் என்னையே பார்த்தான். பிறகு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"தூங்க முடியலக்கா. கண்ணை மூடுனா அண்ணன்தான் நிக்கான்."

குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். மழை விட்டபின் அரிவாளை அவனே என் கையில் தந்தான். திரும்பி நடந்தோம். சாலையில் போலீஸ் நின்றது. கூடவே ஸ்டேஷனுக்குப் போனேன். அரிவாளோடு கிளம்பியதற்கு அவன்மேல் ஒரு வழக்கு உண்டு, ஒழுங்காக ஆஜராகிறான்.

அவன் எங்கள் சபைக்காரன் அல்ல. ஆண்டவர் அதைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் என் ஆய்வு முடிய வேண்டும் என்றுதான் ஜெபிப்பேன். இப்போது என்னிடம் பேசுகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறேன்.

போன மாதம் அண்ணன் கொலை வழக்கில் முத்து சாட்சிக் கூண்டில் ஏறினான். எதிரே அந்த ஆள். முத்துவின் இரண்டு கைகளும் கம்பியைப் பிடித்திருந்தன. பார்த்ததைக் குரல் நடுங்காமல் சொன்னான். பின் வரிசையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஆத்திரத்தோடு கிளம்பிப் போகிற பிள்ளை இருக்கிறானா? விட்டுவிடாதீர்கள். பின்னாலேயே போங்கள். போகும்போதே அவன் பெயரைச் சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.