தூங்குமூஞ்சி மரத்துத் தண்டவாளம்

எனக்கு எப்போதும் கை முந்தும். வாய் அதைவிட முந்தும். இந்த இரண்டாலும் நான் பட்டதைச் சொல்லி மாளாது. அதில் ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே பட்டறையில் நான் ஃபிட்டராக இருந்தேன். என் மனைவியின் அண்ணன் அதே பட்டறையில் பாய்லர் பகுதியில் வேலை பார்த்தார். எங்கள் பட்டறைக்காரர்களின் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் கோல்கீப்பர். திடலின் ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் கிளையில் இரண்டு முழத் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். எங்கள் கிளப் கோல் போட்டால் அதில் சுத்தியலால் ஓங்கி ஒரே ஓர் அடி. அதற்கு மேல் அடித்தால் பட்டறையில் விபத்து என்று நினைத்து எங்கள் குடும்பங்கள் இருந்த லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்துவிடுவார்கள். எதிரணி கோல் போட்டால் சுத்தியலைத் தொடவே கூடாது.

அந்த அடியை அடிப்பவன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. சுத்தியல் என்னுடையது, நானே எடுத்துக்கொண்ட வேலை. அப்போதே ஏழு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் நிற்கும் கோலிலிருந்து எதிர்க் கோல் வெகு தூரம். மழை நாளில் அங்கே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளம் ஒலித்தால்தான் நாம் கோல் போட்டோம் என்று அவருக்குத் தெரியும். ஒலித்ததும் வலக்கையை உயர்த்துவார். மரத்தடியில் நிற்கும் எனக்காக உயர்த்தும் கை அது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சுத்தியலைக் கீழே வைப்பேன்.

அந்த வருஷம் இந்தியாவிலிருந்து ஒரு கால்பந்துக் குழு கோலாலம்பூருக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் திடலில் எங்கள் கிளப்போடு ஆட அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சேதி வந்ததிலிருந்து பட்டறையில் வேறு பேச்சே கிடையாது. கள்ளுக்கடையில் ஆளுக்கு ஆள் பாரதமாதாவைப் பெற்றெடுத்தவர்கள் மாதிரிப் பேசினார்கள். நானும் பேசினேன். பதினோரு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன் நான். அங்கே எனக்கென்று ஒரு துண்டு நிலமோ, கடிதம் போட ஓர் ஆளோ கிடையாது. இருந்தும் 'நம்ம நாடு' என்று ஓங்கிச் சொல்வேன். மச்சான் செந்தூலிலேயே பிறந்தவர். அவர் அப்படிச் சொன்னதில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்.

"நாளைக்கு யாருக்கு மாப்ள அடிப்ப?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"என்ன மச்சான் கேள்வி? நம்ம கிளப்புக்குத்தான்."

"இல்ல, ஊரே நாளைக்கு அவங்க பக்கம் நிக்கப் போவுது. ஆபீஸ் கிராணிங்க மாலை வாங்கி வச்சிருக்காங்க. நம்ம டீம் பையனுங்களே சரியா வெளயாடுவானுங்களான்னு தெரியல."

கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "அண்ணன் கோல்ல நிக்கிறப்ப இவரு வேற யாருக்கு அடிப்பாராம்?" என்றாள்.

"நீங்க கோல்ல நிக்கிறவரைக்கும் இந்தச் சுத்தி உங்களுக்குத்தான் மச்சான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. ஆனால் பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் லோரி லோரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்த குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார்கள். அதற்கே கிழவர்கள் கண் கலங்கினார்கள். அந்தக் குழு திடலில் இறங்கியபோதுதான் கவனித்தேன், காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்கால். எங்கள் ஆட்களோ பட்டறையின் வெள்ளைக்காரத் துரை வாங்கிக் கொடுத்த பூட்ஸோடு நின்றார்கள்.

மச்சான் அன்று ஆடியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் ஆடவில்லை. முதல் பாதியில் நான்கு பந்துகளைப் பிடித்தார். ஒன்றை முகத்தால் தடுத்தார், மூக்கில் ரத்தம் வந்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு கைத்தட்டல் கேட்க வேண்டுமே! பந்து உள்ளே போகவில்லையே என்று உச்சுக்கொட்டினார்கள். சொந்தத் திடலில் தனியாக நின்றார் அவர். சுத்தியலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் மழை கொட்டியது. ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கையில் அவர்களில் ஒருவனுக்குப் பந்து கிடைத்தது. ஒல்லியான, கறுத்த பையன். எங்கள் பட்டறையில் கரி அள்ளுபவன் மாதிரி இருந்தான். வெறுங்காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு பூட்ஸ் போட்ட மூன்று பேரைச் சுற்றவிட்டான். அன்று காலைகூடப் பட்டறை துரை என்னைக் 'கூலி' என்றுதான் கூப்பிட்டிருந்தான். அந்தத் துரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பையன் அடித்தான். மச்சான் பாய்ந்தார். விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போனது.

தண்டவாளம் ஒலித்தது.

நான்தான் அடித்திருந்தேன். ஓங்கி, ஒரே அடி. கூட்டத்தின் ஆரவாரத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மச்சான் சேற்றில் குப்புறக் கிடந்தார். சத்தம் கேட்டதும் அவருடைய வலக்கை மேலே எழுந்தது. ஏழு வருஷப் பழக்கம். பாதி எழுந்த பிறகுதான் பந்து எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. பிறகு மெல்லச் சேற்றில் இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் மாலைகளும் கைகுலுக்கல்களுமாகத் திடல் அமளிப்பட்டது. மச்சான் குழாயடியில் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், வேணும்னு அடிக்கல. கை தானா போயிடுச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

"தெரியும் மாப்ள" என்றார். "தானா போன கைதானே."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் சாப்பிட வந்தார். என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். அந்த அடியைப் பற்றி என் மனைவியிடம் அவர் சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கிளப் கோல் போட்டது. அடித்தேன். அவர் திடலைப் பார்த்தபடி நின்றார். கேட்கவில்லையோ என்று, விபத்து என நினைப்பார்களே என்றுகூடப் பாராமல் இன்னொரு அடி அடித்தேன். லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்து என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மச்சான் திரும்பவில்லை.

முழங்கால் போய் அவர் ஆட்டத்தை நிறுத்தும்வரை இன்னும் இரண்டு வருஷம் அந்தக் கோலில் நின்றார். நானும் மரத்தடியில்தான் நின்றேன். ஒவ்வொரு கோலுக்கும் அடித்துவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கம் பார்ப்பேன். அந்தக் கை பிறகு எழவே இல்லை.