பேக்கரியில் வெந்த காலிஃபிளவர்

கட்டினால் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எங்களோடு இருந்த சித்தி போட்டு உடைத்தபோது, அப்பா ஒரே ஒரு சலுகை கொடுத்தார். ஆள் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பிறகு சொல்கிறேன். அதுவும் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வந்தால், சர்ச் விட்டு வரும் எங்கள் லிங்கராஜபுரம் மொத்தமும் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடும். புதன்கிழமை என்றால் வெறும் சாப்பாடு.

எனக்கு ஒன்பது வயது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் செத்துவிடுவேன் என்று நம்பிய வயது.

வேலைக்குப் போகும் பெண்கள் அரை மணியில் செய்யலாம் என்று பத்திரிகையில் வந்த 'பேக்டு வெஜிடபிள்' குறிப்பைச் சித்தி கிழித்து வைத்திருந்தாள். காலிஃபிளவர், பீன்ஸ், கேரட்டை வேகவைத்து, மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸை ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு ஓவனில் வைக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று பத்திரிகை சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு அந்தக் கவலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக் கேக்கும் வேகிற பாய் பேக்கரி விறகடுப்பு இருந்தது. ஆபீஸிலிருந்து ஓடிவந்த சித்தி அவசரமாகத் தட்டை நிரப்பி என்னிடம் கொடுத்து விரட்டினாள்.

"இன்னாம்மா, டிசம்பருக்கு நாலு மாசம் இருக்கு, இப்பவே கேக்கா?" என்றார் பாய்.

"கேக் இல்ல பாய், காலிஃபிளவர்."

"காலிஃபிளவரா! ஏன், வூட்ல கேஸ் தீந்துபோச்சா?"

பன் வெளியே வந்தால்தான் என் தட்டு உள்ளே போகும். "ஆச்சா பாய்? ஆச்சா பாய்?" என்று உயிரை எடுத்தேன். "சொல்ப இரும்மா, கொஞ்ச நேரம்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

தட்டு வெளியே வந்தபோது மேல்பக்கம் பொன்னிறமாக முறுகியிருந்தது. துண்டில் சுற்றிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் யோக்கியமாகத்தான் நடந்தேன். அங்கே பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து மேல் முறுகலில் ஓர் ஓரத்தை மட்டும் பிய்த்தேன். ஓர் ஓரம் மட்டும் குறைந்தால் தெரியுமே என்று மறு ஓரத்தைச் சமப்படுத்தினேன். பிறகு நடுப்பகுதி மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து முழுக்கைச் சட்டையும் ஆப்பிள் பையுமாக இறங்கிய ஒருவர் அப்பா பெயரைச் சொல்லி, "பாப்பா, வீடு எங்க?" என்று கேட்டார். வாய் நிறைய இருந்ததால் முகவாயால் தெருவைக் காட்டினேன். அப்புறம்தான் அது யார் என்று உறைத்தது.

குறுக்குச் சந்தில் ஓடி, தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் வந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சித்தி துண்டை விலக்கினாள். சீஸ் முறுகலைக் காணோம், மொட்டைக் காலிஃபிளவர். அதில் என் விரல் தடங்கள். சித்தி கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"மேல இருக்கற சீஸ் எனக்கு ஆகாதுங்க சார். எடுத்துட்டதே நல்லதாப் போச்சு" என்றார் அவர்.

"ஆகாதா? எப்பலேருந்து தம்பி?"

"இப்ப... கொஞ்ச நாளா சார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தன் உதட்டோரத்தை விரலால் இரண்டு முறை துடைத்தார். நீ தின்றதைப் பார்த்தேன், சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார்! நான் பதிலுக்கு முறைத்தேன். அவர் மறுபடியும் துடைத்தார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயித்துக்கெழமை அம்மா அப்பாவக் கூட்டிட்டு வாங்க தம்பி."

பச்சைப் பொய் சொல்லி, சின்னப் பிள்ளையையும் மிரட்டிய ஆளுக்கா சித்தி? ஆத்திரத்தோடு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் என் உதட்டோரம் கன்னம் வரைக்கும் வெள்ளை சாஸ் அப்பியிருந்தது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நக்கித் துடைத்தேன்.