கைக்குக் கேட்ட மேளம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து மேளச் சத்தம் வந்தால் அங்கே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தாள்.

"யாருடி பூட்டாங்க, ஞானம்மா?"

"யாரும் பூடல. உள்ள வந்து பாரு."

உள்ளே என் வீட்டுக்காரர், சாவி கொடுத்துப் பாட வைக்கிற பெட்டியின்மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா அப்பாவு, இன்னா கூத்து இது?" என்றாள். அவர் பெயரை அவள்தான் சொல்லுவாள். நான் சொல்கிற வழக்கமில்லை. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அது கியூபா தேசத்து ஆட்டப் பாட்டு. ரும்பா, மாம்போ என்று ஏதேதோ பேர் சொல்லுவார். மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி எடுத்து வருவார். ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து கப்பலேறும்போது விட்டுப்போன தட்டுகள். சிலதுக்குப் படம் போட்ட அட்டை உறை உண்டு. அதில் பாவாடை விரிய ஒருத்தி இரண்டு கையையும் தூக்கி ஆடுவாள், பக்கத்தில் உயரமான மேளம் இருக்கும். எழுத்து தெரியாதவருக்கு அந்தப் படம்தான் அடையாளம். அட்டை இல்லாததைச் சுற்றவிட்டுக் கையை வைத்துப் பார்ப்பாராம். "கையால பாட்டு கேக்குற ஆளு வந்துட்டாருப்பா" என்று கடைக்காரர்கள் சிரிப்பார்களாம்.

முன்பெல்லாம் சினிமாப் பாட்டும் மாதா பாட்டும் வைத்திருந்தவர்தான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், இரும்புத் தகடு அடிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் அவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு இதையே வாங்கினார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் முதுகுக்குப் பின்னால் நின்று வாய் வலிக்கத் திட்டினேன். திட்டி முடித்ததும் திரும்பி, "சோறு ஆய்டிச்சா?" என்றார்.

எதிரே உட்காரவைத்துக் கேட்டேன். "காது பூட்ச்சாய்யா?"

"பொம்பள கொரலு மொதல்ல பூட்ச்சி. அப்பால மத்ததும். இந்த மேளம் மட்டும் கைல ஏறுது. கம்பெனில சொல்லிடாத, தொரத்திடுவாங்க."

வேலை போனால் போகட்டும், உடம்பில் தெம்பிருக்கிறது. ஆனால் அவர் வேலைக்குப் போவதும் வருவதும் தண்டவாளத்தின் நடுவில். பின்னால் வண்டி வந்தால்?

"ரோட்டு மேல வாய்யா."

"சின்ன வயசுலருந்து நடந்த வழிடி."

பச்சையம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சாவு மேளத்த ஊட்ல வச்சிக்கினா அது ஆளத் தேடிக்கினு வரும். ஒடச்சி அடுப்புல போடு."

"அவருக்குக் கேக்குறதே அது ஒண்ணுதான்" என்று நான் மறுத்துவிட்டேன். ஆனாலும் தட்டு சுற்றும்போதெல்லாம் என் கண் வாசலுக்குப் போகும்.

இன்னொரு ஞாயிறு, பொழுது சாய்கிற நேரம். எங்கள் தெருவை ஒட்டிப் போகிற தண்டவாளத்தோரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து அவர் வருகிறார். மார்போடு அணைத்த பையில் தட்டுகள், பார்வை கீழே. அவருக்குப் பின்னால் வளைவில் கூட்ஸ் வண்டி திரும்பியது. ஊதியது. மறுபடி ஊதியது.

"யோவ்! எறங்குய்யா!"

நிமிரவில்லை.

"அப்பாவு!" என்று கத்தினேன். கல்யாணமான நாளாக என் வாயில் வராத பேர். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. தழையை வீசிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். அப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார். அட்டையிலிருக்கிறவளைப் போல ஆடிக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவி மனுஷன். தண்டவாளத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து அவரும் ஓர் ஆட்டம் போட்டார்.

ஆடின கால் தண்டவாளக் கட்டையில் பட்டதும் முகம் மாறியது. பையோடு பக்கத்துச் சரளையில் பாய்ந்து விழுந்தார். அவர் நின்ற இடத்தின்மேல் வண்டி போனது, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல்.

ஓடிப்போய்த் தூக்கினேன். தட்டெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. முழங்கையில் ரத்தம். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கால்ல வந்திச்சிடி, அதே மேளம்! இனிமே பயமில்ல."

"பேரு சொல்லிக் கத்தனேன்யா."

"இன்னா?" என்றார், என் வாயையே பார்த்து.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர், தண்டவாளத்தில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கால் நன்றாகக் கேட்க வேண்டுமாம். சோற்றுத் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நானும் நடந்தேன்.

"ஊட்டுக்குப் போடி" என்றார்.

எனக்கும் காது கேட்கவில்லை.