சோறு குறைத்த வீடு

அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் செல்வதாஸுக்குச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் 'போதும்' என்ற சொல் வராது. வராதென்றால் வரவே வராது. அதில் அவர் மனைவி நேசபாய்க்குப் பெருமை வேறு. "விடியுமுன்ன மலையேறி இறங்குற உடம்பு. தின்னாம பின்ன?" என்று சர்ச்சில் பெண்களிடம் சொல்லிக்கொள்வாள். அவர் தட்டு காலியாகும் முன்பே "இன்னும் இச்சிரி" என்று கொஞ்சம் கூடப் போட அவள் அகப்பை வந்து நிற்கும்.

அப்படியிருந்த மனுஷன் ஒரு நாள் வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தின் அடிக்குற்றியில் இடறிக்கொண்டார். கால் பெருவிரலில் சின்னக் காயம்தான், ஆனால் ஆறுவேனா என்றது. நாகர்கோவிலில் டாக்டர் சுகரைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "சோத்தக் குறையுங்க. சுகர் இறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டிவரும்" என்றார். நேசபாய் அவர் காலையே பார்த்தாள். விரல் போனால் மலைச்சரிவில் கால் நிற்குமா? பால்வெட்டு அதோடு சரி. செல்வதாஸுக்கு வேறு வேலை தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது.

டாக்டர் சொன்னதை அவள் வேதவசனம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். சோறு ஒரு பிடியாகச் சுருங்கியது. சுகரோ இறங்காமல் இன்னும் ஏறியது! இது என்ன கொடுமை? டாக்டருக்கும் பிடிபடவில்லை. அதே ஆஸ்பத்திரியில் இருந்த டயட்டீஷியன் பிளஸ்ஸியிடம் அனுப்பினார்.

"நேத்து எழும்பினதிலேருந்து வாயில போட்டதையெல்லாம் சொல்லுங்க அங்கிள்" என்றாள் பிளஸ்ஸி.

"கட்டன்காப்பி. மத்தியானம் ஒரு பிடி சோறு. ராத்திரியும் ஒரு பிடி."

"அவ்வளவுதானா? பசிக்காதா?"

"பசிக்க விடுவேனா மக்கா?" என்று முந்திக்கொண்டாள் நேசபாய். "மூணு நேரமும் மரச்சீனி அவிச்சு, மீன்கறியும் வச்சுக் கொடுக்கேன்லா. சோத்த மட்டும் ஒரு பிடிக்கு மேல காட்டமாட்டேன்."

"எவ்வளவு மரச்சீனி ஆன்ட்டி?"

நேசபாய் இரண்டு கையாலும் ஒரு மரவள்ளிக்கிழங்குக் குன்றைக் காட்டினாள்.

பிளஸ்ஸி சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, சோறானாலும் கிழங்கானாலும் உள்ளே போனா சீனியாத்தான் மாறும்" என்றாள் மெல்ல.

நேசபாயின் முகம் செத்துப்போனது. "அப்போ அவிய விரலுக்கு நானா கத்தி வச்சேன்?" என்று அங்கேயே அழுதுவிட்டாள். பாவம், ஆசையாய் ஆக்கிப் போட்ட கை அல்லவா!

"அழாதீங்க. எங்க வீட்டுலயும் மரச்சீனியச் சோத்துக் கணக்குல சேக்கமாட்டாவ. கேக்க வேண்டியது நாங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பிளஸ்ஸி. மரச்சீனியை அடியோடு நிறுத்தவும் சொல்லவில்லை. நிறுத்தினால் கொஞ்ச நாள் பொறுத்துவிட்டுப் பிறகு சேர்த்துத் தின்பார் என்பது அவளுக்குத் தெரியும். தட்டு சின்னதாகட்டும், முதலில் பயறும் கீரையும் மீனும், அப்புறம் இரண்டு துண்டு கிழங்கு என்றாள். "கடைசியா ஒண்ணு ஆன்ட்டி. நம்ம வீடுகள்ல சொல்லுற 'இன்னும் இச்சிரி' கூடாது."

நேசபாய்க்கு மற்றதெல்லாம் எளிது. இதுதான் உயிரை வாங்கியது. அகப்பை தானாக எழும்பும், அவள் இழுத்துப் பிடிப்பாள். செல்வதாஸ் காலித் தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். ஆனாலும் சுகர் இறங்க ஆரம்பித்தது.

கிறிஸ்மஸ் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. போன வீட்டிலெல்லாம் கேக்கும் முந்திரிக்கொத்தும். சுகர் மறுபடி எகிற, செல்வதாஸ் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். "அந்தப் பிள்ள முகத்துல எப்படி முழிப்பேன்?"

பிளஸ்ஸியே போன் செய்தாள். "நல்லா இருந்த மாசம் வராட்டாலும் பரவாயில்ல அங்கிள். கட்டுப்பாடு தப்பிப்போன மாசம் கட்டாயம் வரணும். அதுக்குத்தானே நான் இருக்கேன்?" செல்வதாஸ் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். காயத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. விரலுக்கு இனிப் பயமில்லை என்றார்.

மறுநாள் காலை நேசபாய்க்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. செல்வதாஸ் பயறும் மீனும் இரண்டு துண்டு மரச்சீனியும் தின்று முடித்ததும், பழைய கை பழையபடி எழும்பிவிட்டது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு... இன்னும் இச்சிரி?"

செல்வதாஸ் உள்ளங்கையை விரித்துத் தட்டை மூடினார்.

"போதும்ட்டி."

கட்டி வந்த நாளிலிருந்து அவள் கேட்டிராத சொல். அகப்பையோடு நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிழங்கைச் சட்டியிலேயே திருப்பிப் போட்டாள்.