கோலத்தைச் சுற்றிப் போன சைக்கிள்

வாசல் தெளித்துக் கோலம் போடும் வேலையில் மழையைக்கூடச் சமாளித்துவிடலாம், சைக்கிள்காரர்களைச் சமாளிக்க முடியாது. மயிலாப்பூரில் ஒரே தெருவில் ஐந்து வாசல் எனக்கு. கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்க வேண்டும். என்னைப் போல் குனிந்து பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். போதாததற்கு என் வீட்டுக்காரரும் சைக்கிள்காரர். டீ கேனைக் கட்டிக்கொண்டு தி.நகர் கடைகளுக்குப் போகிறார், அதுவும் வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாகவே. அவர் வீடு திரும்பும்வரை நான் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹெல்மெட் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடையாறு பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் வருவார்கள். தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. மணி மட்டும் கிடையாது. ஒருநாள் கோலத்தின் நடுவிலேயே ஏறி, என் விரலை உரசாத குறையாகப் போனார்கள். "பெல் அடிச்சா கை தேஞ்சிடுமா?" என்று கத்தினேன். கடைசியாக வந்தவர் மட்டும் காலை ஊன்றி நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "குனிஞ்சிருந்தா தெரியல ஆன்ட்டி. முதுகுல நீங்களும் ஒரு லைட் மாட்டிக்கோங்க."

ஈரத் தடம்

மூன்றாம் வீட்டு மாமி தனியாக இருந்தார். அவர் வாசல் கோலத்தை மட்டும் ஒரு சைக்கிள் மிதிக்கவே மிதிக்காது. நான் அடுத்த வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், ஒற்றை டயர்த் தடம் ஈரமாக வந்து, கோலத்தைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து போயிருக்கும். ஆளைப் பார்த்ததில்லை, மணியும் கேட்டதில்லை. என் வாளித் தண்ணீரில் நனைந்த டயர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தடம் நான் இன்னும் தெளிக்காத பக்கத்திலிருந்து வந்திருந்தது. மாமியிடம் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டார்: "யாரோ மரியாதை தெரிஞ்சவன், சுத்திண்டு போயிருக்கான். கண்ணுல பட்டா ஆத்துக்குள்ள கூப்டுடீ, ஒரு வாய் காபி குடுக்கறேன்."

வெறும் தரை

பத்து நாள் கழித்து ஒரு விடியல். மாமி வாசலை நான் இன்னும் பெருக்கவே இல்லை, அதற்குள் தடம் இருந்தது. வெறும் தரையை, சரியாக என் கோலத்தின் அளவுக்கு, சுற்றி வளைந்திருந்தது. ஆனாலும் வழக்கம்போல் தெளித்து, புள்ளி வைத்து, இழுத்து முடித்தேன். உள்ளேயிருந்து அந்த வீட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்: "அழிச்சிடு அக்கா, இந்த வாசலுக்கு இன்னிக்குக் கோலம் கூடாது. மாமி ராத்திரியே போயிட்டாங்க."

எங்கள் வாசல்

மந்தைவெளிச் சந்தில் எங்கள் வாசலுக்கு நான் கோலம் போட்டதே இல்லை. ஊர் வாசலெல்லாம் முடித்து வந்தால் முதுகு நிமிராது. மாமி வீட்டில் வேறு குடித்தனம் வந்த பிறகு, போன மாதம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். எங்கள் வெறும் தரையைச் சுற்றி அதே ஈரத் தடம்.

வாளியைத் தூக்கினேன். இருந்த மாவையெல்லாம் கொட்டிக் கோலம் போட்டேன், கோடு எங்கே போகிறது என்றுகூடத் தெரியவில்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னாமே, பொங்கலா?" இன்று சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போ என்று கையைப் பிடித்தேன். "கேனை எவன் ஏத்துவான் பஸ்ல?" என்று உதறிவிட்டுப் போய்விட்டார். அன்று பகல் முழுக்க நான் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். கேனை இறக்கிக்கொண்டே சொன்னார்: "பனகல் பார்க்காண்ட ஒரு பெர்சு சைக்கிள வுட்டு எறங்கி, ஓரமா நின்னுக்கினு எனக்கு வழி வுட்டாரு. மழையே இல்ல, டயர் சொட்டச் சொட்ட நனைஞ்சு கீது. 'நீ போ நைனா, உன் வூட்ல கோலம் போட்டுட்டாங்க'ன்னாரு. உனுக்குத் தெரிஞ்சவராமே?"

இப்போது எனக்கு ஆறு வாசல். முதல் வாசலுக்குக் கூலியும் கிடையாது, லீவும் கிடையாது.